93-க்கு பி-1, 82-க்கு ஏ-2

சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களில் ஒன்றை மூன்று முறை படித்தோம். ராமகிருஷ்ணபுரத்திலிருந்து ஒரு தாயார் எழுதியது. பத்தாம் வகுப்புத் தேறியிருக்கும் தம் குமாரத்தியின் மார்க்குப் பட்டியலை வரி பிசகாமல் பிரதி எடுத்து அனுப்பியிருந்தார். அதிலே தமிழுக்கு நேரே 93 மார்க்கு, கிரேடு பி-1. கணிதத்துக்கு நேரே 82 மார்க்கு, கிரேடு ஏ-2. "தொண்ணூற்று மூன்றைக் காட்டிலும் எண்பத்திரண்டு என்றைக்குப் பெரியதாயிற்று? அச்சுப் பிழை என்றால் யாருக்கு எழுதிக் கேட்பது?" என்பது அம்மையாரின் கேள்வி.

கேள்வி அவ்வளவோடு நின்றிருந்தால் இரண்டு வரியில் பதில் சொல்லியிருப்போம். ஆனால் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் வேறொரு சங்கதி இருந்தது. அந்த வீட்டுக்காரர், அதாவது பெண்ணின் தகப்பனார், பட்டியலைக் கையில் வாங்கியதும் தமிழ் வரியிலே எழுத்தைப் பார்த்தாராம். கணித வரியிலே எண்ணைப் பார்த்தாராம். இரண்டு வரியிலும் எது தாழ்வாகத் தோன்றியதோ அதையே எடுத்துக்கொண்டிருக்கிறார்! "அண்ணனைப் பார். 2016-இல் தமிழிலும் ஏ-1, கணக்கிலும் ஏ-1. உனக்குத் தமிழ் மறந்துபோயிற்று. எண்பத்திரண்டு மார்க்கை வைத்துக்கொண்டு பதினோராம் வகுப்பில் கணக்கு வேறு கேட்கிறாயா?" என்று தீர்ப்புக் கூறிவிட்டார். பாடப் பிரிவுக்கான பாரத்தைப் பள்ளியில் பத்து நாளில் கொடுக்கவேண்டும். கணிதமில்லாத பிரிவு என்று அவர் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறார். பெண் அன்று முதல் வீட்டில் தமிழிலே பேசுவதை நிறுத்திவிட்டாளாம்; எது கேட்டாலும் இந்தியிலே பதில் வருகிறதாம்.

அந்த அம்மையாருக்குத் தாமதிக்காமல் தபாலில் பதில் எழுதிவிட்டோம். ஆயினும் டில்லியில் நம்மவர் வீடுகள் பலவற்றில் பரீட்சை முடிவு வரும் நாளன்று இதே சண்டை வேறு வேறு ரூபத்தில் நடக்கிறது என்பதை நாம் அறிவோம். தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளிலும், அவற்றுக்கு வெளியே மத்தியக் கல்வி போர்டைச் சேர்ந்த மற்றப் பள்ளிகளிலும் நம் குழந்தைகள் படிக்கிறார்கள். ஆகவே எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே வெளியிடுகிறோம்.

முதலில் ஒன்று: அச்சுப் பிழை இல்லை.

தானியத்தை அளப்பதற்கு நம் ஊரில் படி உண்டு. இந்த வீட்டு நெல்லானாலும் அந்த வீட்டு நெல்லானாலும், மழை பெய்த வருஷமானாலும் பொய்த்த வருஷமானாலும், படி ஒன்றுதான். மார்க்கு என்பது ஏறக்குறைய அந்த ஜாதியைச் சேர்ந்தது. கிரேடு அப்படியல்ல. அதைப் புரிந்துகொள்ளக் கலியாண வீட்டுக்குத்தான் போகவேண்டும். எண்ணூறு பேர் வந்திருக்கிறார்கள்; கூடத்தில் நூறு இலைதான் போடலாம். ஆக எட்டுப் பந்தி. முதற் பந்தியில் உட்கார்ந்தவர் நல்லவர், எட்டாம் பந்திக்காரர் பொல்லாதவர் என்று யாரும் சொல்வதில்லை. நமக்கு முன்னாலே எத்தனை பேர் வந்து நின்றார்கள் என்பதுதான் நம்முடைய பந்தியைத் தீர்மானிக்கிறது.

மத்தியக் கல்வி போர்டு செய்வதும் இதுவே. ஒரு பாடத்தில் தேறிய மாணாக்கர் அனைவரையும் மார்க்கு வரிசையில் நிறுத்துகிறது. வரிசையை எட்டுச் சம பாகமாக்குகிறது. முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ-1; அடுத்த பங்குக்கு ஏ-2; பிறகு பி-1, பி-2, சி-1, சி-2, டி-1, டி-2. தேறாதவர்களுக்கு ஈ. தேறுவதற்கு மட்டும் படி உண்டு. நூற்றுக்கு 33 என்று முன்னமே சொல்லியாயிற்று. அதற்கு மேலே உள்ள எட்டுப் பிரிவுக்கும் முன்கூட்டிக் கோடு கிடையாது. விடைத்தாள்கள் எல்லாம் திருத்தி, கூட்டி, வரிசைப்படுத்தின பிறகே கோடு எங்கே விழுகிறதென்று தெரியும். அடுத்த வருஷம் அதே கோடு வேறிடத்தில் விழும். ஒரே வருஷத்திலும் பாடத்துக்குப் பாடம் வேறாக விழும். அது எந்த மார்க்கில் விழுந்தது என்ற விவரம் பிள்ளைகளின் பட்டியலில் அச்சாவதும் இல்லை. எழுத்து மாத்திரம் வந்து சேருகிறது. வீட்டிலே கலகம் செய்கிறது.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழில் எண்ணூறு பேர் தேறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொழிப் பாடங்களில் மார்க்கு மேலே வந்து குவிவது வழக்கம். முதல் நூறு பேர் 97-உம் அதற்கு மேலும். அடுத்த நூறு பேர் 95-உம் 96-உம். அதற்கடுத்த நூறு பேர் 93-உம் 94-உம். 93 வாங்கிய பெண் மூன்றாம் பந்தி, பி-1. கணிதத்திலோ கூட்டம் அப்படி நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதில்லை. மேலிருந்து கீழ் வரை பரவிக் கிடக்கும். முதல் நூறு பேர் 91-லிருந்து 100 வரை, இரண்டாவது நூறு பேர் 80-லிருந்து 90 வரை என்று கொண்டால், 82 வாங்கிய அதே பெண் இரண்டாம் பந்தி, ஏ-2. எண்கள் நாம் வைத்தவை. ஆனால் 93-க்கு பி-1-உம் 82-க்கு ஏ-2-உம் ஒரே பட்டியலில் வருவதற்கு இதற்கு மேலே ரகசியம் ஒன்றுமில்லை.

இனி அந்தத் தகப்பனார் இரண்டு வரிகளையும் எப்படிப் படித்திருக்க வேண்டும்? கணிதத்தில் ஏ-2 என்றால், அப்பாடத்தில் தேறின அத்தனை பேரிலும் முக்கால்வாசிப் பேர் அவளுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பெண்ணுக்குத்தான் கணிதம் வேண்டாமென்று கையெழுத்தாகியிருக்கிறது! தமிழில் 93 என்றால் நூற்றுக்கு ஏழு மார்க்குத்தான் போயிற்று. டில்லியிலே பிறந்து, வீட்டு வாசலைத் தாண்டினால் தமிழ் காதில் விழாத இடத்திலே வளர்ந்த குழந்தை அவ்வளவு எழுதியிருக்கிறாள். அதற்குப் பெயர் மறதியாம்.

பந்தியின் இடையிலே ஒரே மார்க்கு வாங்கினவர்கள் அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வது என்றொரு கேள்வி எழும். ஒரே மார்க்குக்காரர்களுக்குக் கிரேடும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்பது விதி. அறுபது பேர் 93 வாங்கியிருக்கிறார்கள். பந்தியில் நாற்பது இலைதான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய பாகம் பெரிய பாகத்தோடு சேரவேண்டும். ஆகவே இருபது பேரும் நாற்பது பேரோடு மேலே வந்துவிடுவார்கள். இருபது இலைதான் மிச்சம் என்றால் அறுபது பேருமே கீழ்ப் பந்தி. மார்க்கு குவிந்து நிற்கும் பாடங்களில் இதன் விளைவு பெரிது. ஒரு மார்க்கு, அரை நிமிஷக் கவனப் பிசகு, பெருங்கூட்டத்தையே ஒரு எழுத்துக் கீழே தள்ளிவிடும். தேறினவர் ஐந்நூறு பேருக்குக் குறைவாயுள்ள சிறு பாடங்களுக்கு இந்த எட்டுப் பங்குக் கணக்கைப் போடுவதில்லை. அவற்றை ஒத்த வேறு பாடங்களில் கிரேடு எப்படி அமைந்ததோ அதைப் பின்பற்றுகிறார்கள்.

டி-2 என்ற எழுத்தைக் கண்டு நடுங்குகிற தாய் தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கலியாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் மகாராஜாக்களானாலும் எட்டாம் பந்தி என்று ஒன்று இருந்தே தீரும். தேறின அனைவரும் எழுபதுக்கு மேலே வாங்கின பாடம் ஒன்று இருந்தால், எழுபத்தொன்று வாங்கினவனுக்கு டி-2 கிடைப்பதற்குத் தடை ஒன்றுமில்லை. மயிரிழையில் தப்பினான் என்று அந்த எழுத்துக்குப் பொருள் சொல்லக்கூடாது.

அண்ணன் விஷயத்துக்கு வருவோம். தகப்பனாரின் கையிலிருந்த பெரிய ஆயுதம் அதுதான். தங்கையின் பட்டியலில் உள்ள ஏ, பி எழுத்துக்களும் அண்ணனின் சர்ட்டிபிகேட்டில் உள்ள ஏ, பி எழுத்துக்களும் கண்ணுக்கு ஒன்றே. உள்ளே இருக்கும் அளவை வேறு.

2009-ஆம் ஆண்டில், கபில் சிபல் மத்தியக் கல்வி மந்திரியாக இருந்தபோது, பத்தாம் வகுப்பில் மார்க்கை ஒழித்துக் கிரேடு முறை கொண்டுவந்தார்கள். 2010-இல் பரீட்சை எழுதின குழந்தைகள் எண்ணே இல்லாத பட்டியலைப் பெற்றார்கள். 2011 முதல் போர்டுப் பரீட்சையே இஷ்டமிருந்தால் எழுதலாம் என்றாயிற்று; பள்ளியிலேயே எழுதினாலும் போதும். வருஷம் முழுவதும் நடந்த சிறு மதிப்பீடுகளுக்கு நூற்றுக்கு நாற்பது, இரு பருவப் பரீட்சைகளுக்கு அறுபது என்று கூட்டி, 91 முதல் 100 வரை ஏ-1, 81 முதல் 90 வரை ஏ-2, 71 முதல் 80 வரை பி-1 என்று முன்னமே வகுத்த கோட்டின்படி எழுத்துக் கொடுத்தார்கள். அது பந்தி அல்ல, படி. போதாக்குறைக்குப் படிப்புக்குப் புறம்பான துறைகளில் நல்ல பேர் எடுத்தவர்களுக்கு ஓரிரு பாடங்களில் கிரேடை ஒரு நிலை உயர்த்திக் கொடுப்பதும் அக்காலத்து விதி. 2017-இல் தேறினவர்களோடு அந்த ஏற்பாடு முடிந்தது. 2018 முதல் பத்தாம் வகுப்புக்கு மறுபடியும் எல்லோருக்கும் போர்டுப் பரீட்சை, மார்க்கு, எட்டுப் பங்குக் கிரேடு.

ஆகவே 2016-இல் அண்ணன் பெற்ற ஏ-1, தொண்ணூற்றொன்றா நூறா என்பது சர்ட்டிபிகேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாத காரியம். அன்றைய படியைக் கொண்டு தங்கையின் தமிழை அளந்தால் 93-க்கு ஏ-1-தான். அண்ணனைப் பந்தியில் உட்காரவைத்திருந்தால் அவருக்கு எந்த எழுத்து வந்திருக்குமோ, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். அவர் நல்ல பிள்ளை. கடிதத்தில் தங்கைக்காகப் பரிந்து பேசினவர் அவர் ஒருவர்தாம் என்று அம்மையார் எழுதியிருக்கிறார்.

படி நியாயமா, பந்தி நியாயமா என்று கேட்டால், இரண்டிலும் குறை உண்டு என்போம். படியின் குறையை அந்த ஏழெட்டு வருஷங்களில் பார்த்தோம். தொண்ணூறும் தொண்ணூற்றொன்றும் வேறு ஜாதியாயின. தொண்ணூற்றொன்றும் நூறும் ஒரே ஜாதியாயின. அதைக்காட்டிலும் பெரிய சங்கடம், கேள்வித் தாள் வருஷா வருஷம் ஒரே கனமாக இருப்பதில்லை என்பது. கணிதத்தில் இது நன்றாகவே தெரியும். 2016 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தாள் கடினமாயிருந்தது என்று பிள்ளைகள் கண்ணீர் விட்டதும், பாராளுமன்றத்திலேயே அதைப்பற்றிப் பேச்சு எழுந்ததும் அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். அத்தகைய வருஷத்தில் அசையாத கோடு, ஒரு பாவமும் அறியாத பிள்ளைகளைத் தண்டிக்கும். பந்தி முறையில் எல்லோரும் சேர்ந்து இறங்குவதால் கோடும் கூடவே இறங்கிவிடும். பந்தியின் குறையோ முன்னமே சொன்னோம்: நாம் எவ்வளவு கற்றோம் என்பதை அது சொல்லாது; யாருக்கு முன்னே, யாருக்குப் பின்னே என்பதை மாத்திரம் சொல்லும்.

கோட்டை நகர்த்தாமல் மார்க்கையே நகர்த்துகிற வழி ஒன்றும் நெடுங்காலம் நடந்தது. தாள் கடினமாயிருந்தாலும், ஒரு கட்டுத் தாளுக்கும் மற்றொரு கட்டுக்கும் ஏற்றத்தாழ்வு இருந்தாலும், எல்லோருக்கும் சில மார்க்குகளைக் கூட்டிக் கொடுப்பார்கள். 'மாடரேஷன்' என்று அதற்குப் பெயர். நோக்கம் நல்லதே. ஆனால் மார்க்குகள் உச்சியிலே போய்க் குவிய அதுவும் ஒரு காரணம் என்ற புகார் வளர்ந்தது. 2017 ஏப்ரலில் அதைக் கைவிடப் போவதாக முடிவு செய்தார்கள். பரீட்சை எழுதி முடித்த பிறகு ஆட்டத்தின் விதியை மாற்றலாமா என்று பெற்றோர் டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவ்வாண்டு பழைய முறையே தொடரவேண்டுமென்று 2017 மே 23 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. பரீட்சை முடிவுக்காகக் காத்திருந்த வீடுகளில் அந்த ஒரு வாரம் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

லண்டனில் உறவினர் உள்ள வீட்டார், "அங்கெல்லாம் இப்படியா?" என்று கேட்பதுண்டு. அங்கும் கோடு நகர்கிறது. ஒளிவு மறைவில்லாமல் நகர்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பரீட்சையில் 2017 முதல் கணிதத்துக்கு எழுத்துக்குப் பதிலாக 9-லிருந்து 1 வரை எண் கொடுக்கிறார்கள். தாள்கள் திருத்தின பிறகே எந்த மார்க்குக்கு எந்த எண் என்று நிர்ணயித்து, அந்தக் கோடுகளைப் பகிரங்கமாக வெளியிடுகிறார்கள். புதிய பாடத்திட்டம் வந்த அந்த முதல் வருஷத்தில் மேல்நிலைக் கணிதத் தாள்கள் பலமாயிருந்தன. நூற்றுக்கு இருபதுக்கும் குறைவாக வாங்கினவர்களுக்கே தேர்ச்சிக்குச் சமமான 4 கிடைத்தது. ஐயோ, தரம் போயிற்றே என்று பத்திரிகைகள் கூக்குரலிட்டன. தாளின் கனத்தை எடை போட்டவர்கள் அவ்வளவு பதறவில்லை. கோடு எங்கே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடும் அந்த வழக்கத்தை நம் போர்டும் கைக்கொண்டால் பாதி வீடுகளில் சண்டை ஓயும் என்பது நம் அபிப்பிராயம்.

சரி, இந்த எழுத்தைக் கொண்டு பிற்காலத்தில் என்ன நடக்கப் போகிறது? பெற்றோர் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. டில்லி சர்வகலாசாலையில் 2021 வரை பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைப் பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள். 2011-இல் ஸ்ரீராம் வணிகக் கல்லூரி, பள்ளியில் வணிகம் படிக்காதவர்களுக்கு நூற்றுக்கு நூறு வேண்டும் என்று சொல்லி நாட்டையே திகைக்க வைத்தது. 2022 முதல் அதற்கென்று தனி நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. ஐ.ஐ.டி.க்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வோடு கூட இன்னொரு நிபந்தனை: பொதுப் பிரிவினருக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு 75, அல்லது தத்தம் போர்டில் தேறினவர்களில் மேல் வரிசை இருபது விழுக்காட்டுக்குள் ஓர் இடம். கவனியுங்கள், படியும் பந்தியும் அங்கே ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன!

ஊருக்கே போய் இஞ்சினீரிங் படிக்க வைக்கலாம் என்று எண்ணும் குடும்பங்கள் நம்மில் மிகுதி. அவர்கள் அறிய வேண்டியது 2006-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். கணிதத்துக்கு நூறு, பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் ஐம்பது ஐம்பது என்று இருநூறுக்கு அங்கே வரிசை போடுகிறார்கள். டில்லிப் பிள்ளையின் மத்திய போர்டு மார்க்கையும் ஊர்ப் பிள்ளையின் மாநில போர்டு மார்க்கையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு போர்டிலும் அந்தப் பாடத்தில் ஒருவர் வாங்கின முதல் மார்க்கைச் சமமாகப் பாவித்து மற்றதைக் கணக்கிடுகிறார்கள். மாநில போர்டில் முதல் மார்க்கு 100, வேறு போர்டில் 90 என்றால் அந்த 90-உம் 100 ஆகும். அங்கே 60 வாங்கினவருக்கு 66.66 ஆகும். இரண்டு போர்டிலும் முதல் மார்க்கு 100-ஆகவே இருந்துவிட்டால் இதனால் ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. ஏ-1, பி-1 என்ற எழுத்துக்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது.

பதினோராம் வகுப்பில் கணிதம் கிடைக்குமா என்பது அந்தந்தப் பள்ளி வைத்திருக்கும் வரம்பைப் பொறுத்தது. அதைப் பள்ளியிலே நேரில் கேட்டுவிடுவது நலம். 2020-ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் பத்தாம் வகுப்புக் கணிதம் 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மேலே கணிதம் படிக்கப் போகிறவர்களுக்கு ஸ்டாண்டர்டு என்பது ஆதி ஏற்பாடு. பிற்பாடு அந்த விதியைத் தளர்த்தியதும் உண்டு. நமக்கு எழுதின அம்மையாரின் பெண் எழுதினது ஸ்டாண்டர்டு. ஆகவே தடை பள்ளியில் இல்லை; வீட்டில்தான் இருந்தது.

பதில் போட்ட ஒன்பதாம் நாள் அம்மையாரிடமிருந்து மறு கடிதம் வந்தது. நம்முடைய கடிதத்தை அவர் வாய் திறந்து படிக்காமல், வீட்டுக்காரரின் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாராம். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு காகிதம் பென்சில் எடுத்துக்கொண்டு எண்ணூறு பேரை எட்டாக வகுத்துப் பார்த்தார். பெண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பள்ளிக்குப் போய்ப் புதிய பாரம் ஒன்று வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். "பழைய பாரத்தில் மை கொட்டிவிட்டது" என்றாராம். பெண் அதைப் பூர்த்தி செய்துகொண்டே, "அப்பா, 'கணிதம்' என்று தமிழிலே எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா?" என்று கேட்டாளாம், தமிழிலே.